மூன்று ராசா வைத்திருந்தவன்

துவாரகனுக்கு முப்பத்தெட்டு வயது. திருகோணமலைத் துறையில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கொழும்பு லொறிக்கு ஏற்றிவிடுவது அவன் தொழில். பதினான்கு வருடமாக இதுதான். மீனைப் பார்த்தவுடன் விலை சொல்லத் தெரிந்த ஆட்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. நல்ல மீனைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் போல நிற்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான்.

ஏலத்தில் அதற்குத்தான் மதிப்பு. சீமெந்துத் தரையில் பெரிய அறுக்குளா மீன் ஒன்று மினுங்கிக்கொண்டு கிடக்கும். மற்ற வியாபாரிகள் அதைச் சுற்றி நின்று நாக்கைத் தொங்கப்போடுவார்கள். துவாரகன் செவுளைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, பக்கத்தில் கிடக்கிற மலிவான சூரைக்கு விலை கேட்பான். கொட்டாவி விடுவான். கடலைப் பார்ப்பான். எல்லோரும் விலையை ஏற்றிக் களைத்த பிறகு ஒரு விரலை அசைப்பான். மீன் அவன் பெட்டிக்குள் போய்விடும். ஏலம் கூறுகிற கிண்ணியா முத்தலிப்புக்கு மட்டும் இந்த வித்தை பிடிபட்டிருந்தது.

"தம்பி மூஞ்சியைச் சுளிச்சா அதுதான் இண்டைக்கு நல்ல மீன்," என்பார் அவர். துவாரகன் அதற்கும் சிரிக்கமாட்டான்.

துறையில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டம். தொழிலுக்காகப் போட்ட முகம் அது. வீட்டுக்கு வந்து கழற்ற மறந்துவிட்டான், அவ்வளவுதான். கீர்த்தனியைக் கட்டி ஒன்பது வருடம். இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த கையோடு, ஐஸ் வந்துவிட்டதா என்று லொறிக்காரனுக்குப் போன் எடுத்தான். அதற்குப் பிறகு வீட்டில் கதை குறைந்தது. சண்டையும் இல்லை. சண்டை பிடிக்கவாவது ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

ஏலம் எட்டு மணிக்கே முடிந்துவிடும். மீதிப் பகலுக்கு என்ன செய்வது? மீன் நிறுத்து எழுதுகிற திலக்சன்தான் போனில் போக்கர் விளையாடக் காட்டிக்கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பணம் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வைப்பதென்றால் முன்னால் இருக்கிற அத்தனையையும் வைக்கலாம், வரம்பு கிடையாது. துவாரகன் சில்லறைக் காசு மேசைகளில்தான் உட்கார்ந்தான். வென்றாலும் ஒன்று, தோற்றாலும் ஒன்று என்றிருந்தது. அதுதான் அவனுக்குப் பிடித்தது.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் காற்றாடிக்குக் கீழே கதிரையில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தான். கீர்த்தனி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"சைப்பிரசில வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலையாம். ரெண்டு வருசம். எழுதிப் போடட்டோ?"

போகக்கூடாது என்றுதான் இருந்தது அவனுக்கு. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே ஏலவில்லை. ஆனால் அவள் போகவும் மாட்டாள் என்று நம்பினான். திரியாயில் தாய் வீட்டுக்குப் போனாலே மறுநாள் பின்னேர பஸ்ஸில் திரும்பி வருகிறவள் அவள். ஆகவே அவசரப்படாமல், பிடிகொடுக்காமல், "உம்மட விருப்பம்," என்றான்.

அந்தக் கிழமைதான் அந்தச் சீட்டும் வந்தது. கையில் இரண்டு ராசா. நடுவில் திறந்த மூன்றில் இன்னொரு ராசா. மற்ற இரண்டும் ஆட்டின், சிவப்பு இதயச் சீட்டு. மேசையில் அவனை வெல்ல ஒருவனும் இல்லை. துவாரகன் ஒன்றும் வைக்காமல் விட்டான். அடுத்த சீட்டு திறந்தது. அப்போதும் விட்டான். எதிரி ஒரு சதமும் கொடுக்காமல் கடைசிச் சீட்டையும் பார்த்தான். அது ஆட்டின். எதிரியின் கையிலும் இரண்டு ஆட்டின் இருந்தது. ஒரே சாதிச் சீட்டு ஐந்து சேர்ந்தால் மூன்று ராசாவும் குப்பைதான்.

மறுநாள் தராசடியில் திலக்சன் போனை வாங்கி, பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அண்ணை, நல்ல சீட்டு வந்தால் ஏன் ஒளிக்கிறியள்?"

"ஒளிக்காட்டி ஓடிவிடுவாங்களே."

"அது ஏலத்தில. அங்க நீங்கள் வாங்கிற ஆள், ஒளிக்கத்தான் வேணும். இஞ்ச நல்ல சீட்டு இருந்தால் நீங்கள் விக்கிற ஆள். விக்கிறவன் சாமானை ஒளிச்சு வைச்சால் ஆர் காசு தாறது? உடன வையுங்கோ, பெரிசா வையுங்கோ. ஓடுறவன் ஓடட்டும், நிக்கிறவன் குடுத்திட்டு நிக்கட்டும். அடுத்த சீட்டைச் சும்மா பாக்க விடாதேங்கோ."

துவாரகன் தலையாட்டினான். சொன்னதைச் செய்யவும் செய்தான். நல்ல சீட்டு வந்த உடனேயே பெரிதாக வைத்தான். பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர் ஆவலில் கொடுத்தார்கள். வைகாசி முடிகிறபோது சில்லறை மேசையில் அவன் பெயரைக் கண்டால் ஆட்கள் யோசித்தார்கள். எல்லாம் போனுக்குள்தான். போனுக்கு வெளியே ஆள் பழைய ஆள்தான்.

கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. "போகட்டோ?" என்று கீர்த்தனி கேட்டாள். "போய்ப் பாரும்," என்றான். தெரிவாகிவிட்டாள். மருத்துவச் சோதனைக்கு முதல்நாள் மறுபடி கேட்டாள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, செய்யுமன்," என்றான். சொல்கிறபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் நிலையம் கணவனின் சம்மதக் கடிதம் கேட்டது. இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், தயாளினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், கடிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்கு ஆட்சேபனை ஏதும் இருக்கோ?"

கீர்த்தனி அவனைப் பார்த்தாள். இந்த முறை கேள்வியை வேறு ஆள் கேட்டதால் அவள் கண் அவனை விட்டு அசையவில்லை. வேண்டாம் என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதே நேரம் முகம் தன்பாட்டில் சுளித்தது. கண் யன்னலுக்கு வெளியே போனது. துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது. அதையே பார்த்தான்.

"இல்லை," என்றான். கையெழுத்து வைத்தான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. பெட்டியைத் துவாரகன்தான் தூக்கி வைத்தான். வானுக்குள் ஏற்கெனவே நான்கு பெண்கள் இருந்தார்கள்.

"மூண்டு தரம் கேட்டனான்," என்றாள் கீர்த்தனி. "வேண்டாமெண்டு சொல்லுவியள், சொல்லுவியளெண்டு பாத்தனான். ஒருக்காச் சொல்லியிருந்தாலும் நிண்டிருப்பன்."

"நீர் போகமாட்டீரெண்டு நினைச்சனான்."

"அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

சாரதி ஹோன் அடித்தான். அவள் ஒரு காலை வானுக்குள் வைத்தாள். அப்போதுதான் ஏதோ பிளந்தது போல அவனுக்குள் வலித்தது. ஒன்பது வருடத்தில் வராத வலி எல்லாம் சேர்ந்து வந்தது.

"கீர்த்தனி, போகாதேயும்," என்றான். "நீர் இல்லாமல் எனக்கு ஏலாது."

அவள் காலை எடுத்துவிட்டு இறங்கினாள். கிட்ட வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண், வாய், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். அவன் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஆக்கள் பாக்கினமெண்டு சும்மா சொல்லுறியள்," என்று சொல்லிவிட்டு அவள் வானில் ஏறினாள்.