எழும்ப மறுத்த கணினிகள்

உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவியாகக் கிடைத்த கணினிகள், திறப்புவிழா முடிந்த கொஞ்சக் காலத்திலேயே ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. சுவிட்சைப் போட்டால் திரையில் வட்டம் சுற்றும். பிறகு அப்படியே உறைந்துவிடும். திருத்துவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் பழி கணினி ஆசிரியையின் தலையில் விழுந்திருந்தது. "பிள்ளையள் கண்ட பென்டிரைவையும் குத்த விட்டிட்டா," என்றார் பள்ளி அதிபர், ஆசிரியை பக்கத்தில் நிற்கும்போதே. பிறகு தேநீரோடு வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, என்ர பிழை எண்டா ஒளிக்காமச் சொல்லுங்கோ."

கணினி எழும்பும்போது உள்ளேயிருக்கும் ஒவ்வொரு கருவியும் விழிக்க விழிக்க ஒரு வரி பதிவாகும்படி அமைத்தேன். எந்தக் கருவி சிக்குகிறதோ, பதிவு அதோடு நின்றுவிடும். எல்லாக் கணினிகளிலும் அது ஒரே கருவியில்தான் நின்றது: வயரில்லா இணையத்துக்கான அட்டை. ஒன்றைக் கழற்றினேன். தேய்ந்த பழைய அட்டை. மேலே புது ஸ்டிக்கர். அது இல்லாமல் போட்டதும் கணினி எழும்பியது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

பதிவுகளை அச்சடித்து, கணினிகளைப் பொறுப்பேற்ற கல்வி அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"இதை வெளியில சொன்னா, தந்தவை இனித் தருவினமோ தம்பி?"

"அப்ப டீச்சரைக் குற்றம் சொல்லுறது, சேர்?"

"அவா விளங்கிக்கொள்ளுவா. கழட்டினதைத் திரும்பப் பூட்டிவிடும். அவையின்ர ஆக்கள் வந்து பாக்கட்டும்."

"நான் பூட்டமாட்டன், சேர்."

வேறொருவரைக் கொண்டு அட்டையைத் திரும்பப் பூட்டினார்கள். கணினி அறைக்கும் பூட்டுப் போட்டார்கள். பார்ப்பதற்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் மட்டையில் விசைப்பலகை கீறி, அதில் விரல் பழகினார்கள். கவனயீனம் என்று காரணம் காட்டி ஆசிரியையைத் துணுக்காய்ப் பக்கம் மாற்றினார்கள்.

பல மாதங்களுக்குப் பிறகு அவரைப் புளியங்குளம் சந்தியில் கண்டேன்.

"எல்லாத்திலயும் ஒரே அட்டைதான் பிழை எண்டு அந்த அதிகாரிக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான், டீச்சர்."

"விளங்கினதோ அவருக்கு?"

"ஓம். நல்லா விளங்கினது."

தலையை ஆட்டினார். அதிகாரி விளங்காமல் செய்திருந்தால் ஆசிரியைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பஸ் வந்தது. ஏறிப் போனார்.