கறுப்பு அடாப்டர் இரண்டு

டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய புதிதில், இரத்தோட்டையில் உள்ள எங்கள் ஸ்டூடியோவில் சரஸ்வதி பூஜைக்காக ஸ்கேனர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தேன். மறுநாள் திரும்ப மாட்டும்போது ஸ்கேனரின் அடாப்டரை ஹார்ட் டிஸ்க்கில் செருகிவிட்டேன். இரண்டும் கறுப்பு, முனையும் பொருந்தியது; மின்னழுத்தம்தான் வேறு. சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை வந்தது; டிஸ்க் எரிந்துபோனது.

ஒரு தேயிலைத் தோட்டத்துக் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. கல்யாணம் முடிந்த சில நாளில் மணப்பெண்ணின் அப்பா இறந்துபோனார். படம் வாங்க வந்த அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அப்பா படம் வேற இல்லைங்க அக்கா. அடையாள அட்டையில இருக்கிறது மட்டுந்தாங்க.”

இப்போது படங்களை இரண்டு இடத்தில் வைக்கிறேன். ஒவ்வொரு அடாப்டருக்கும் அதற்குரிய கருவிக்கும் ஒரே நிற நகப்பூச்சில் பொட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பொட்டு துடைத்தாலும் போகாது.