பக்கத்து வீட்டு டிவியில் என் குரல்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. விளாத்திகுளத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரை நான்தான் வரவேற்றுச் சபையில் பேச வேண்டும். நான்கு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாடி அறையில், நான் கல்யாண நோட்டீஸ் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்து பழகினேன். அதில் சத்தமே வராமல் போய் நாளாயிற்று. கேட்க வேண்டுமென்றால் கீழே மகளின் லேப்டாப்புக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக அவள் ஒரு ஃபோல்டர் போட்டிருந்தாள். என் பதிவுகளை அதில்தான் போட்டுவைப்பேன். அது பாஸ்வேர்ட் கேட்கும், எனக்கு மறந்துவிடும். மூன்றாம் முறை அவளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, யாரும் திறக்கலாம் என்று நானே மாற்றிவிட்டேன். அவள் வெளியே போகும் நேரம் பார்த்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்பேன்.

சாக்கடை தோண்டியதில் பக்கத்து வீட்டு இன்டர்நெட் வயர் அறுந்து, அவர்களும் எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்தினார்கள். கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

புதன்கிழமை காலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாலாவதுதான் ஜோரு. மொதல்ல பேசுனது எழவு விசாரிக்க வந்த மாதிரில்லா இருக்கு."

"எது?"

"எங்க டிவில உங்க கம்ப்யூட்டர் வந்து நிக்குது. பாட்டுன்னு நெனச்சு அமுக்கிட்டேன். வீட்டோட உக்காந்து கேட்டோம். ஆனா ஒண்ணுலகூட பிள்ள பேரச் சொல்லலியே?"

குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. உள்ளே போய், ஃபோல்டரைத் திறந்துவிட்டதை மகளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை.

"ஏன்ப்பா, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதுலதான கெடக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்குத் தனி வைஃபை போட்டாள். அதில் இன்டர்நெட் கிடைக்கும், எங்கள் கம்ப்யூட்டர்கள் தெரியாது. ஃபோல்டரை எங்கள் இருவருக்கு மட்டும் என்று பூட்டினாள். புது பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளுடைய செல்லப் பெயரை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் எண்களைப் போட்டேன். இது மறக்காது.

அன்று சாயங்காலம் ஐந்தாவது முறை பேசினேன். மகள் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அதை அழிக்கவில்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் திறந்து பார்த்துவிட்டு, மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, சீரியல நிறுத்து. அண்ணாச்சி அஞ்சாவது கொண்டாந்திருக்காவ."