பவளத் தொட்டிக்கு ஒரு மோட்டார்

எங்களுக்குத் தாராவியில் ஒரே ஒரு கோலி. பம்பாய்க்காரர்கள் அறையை அப்படித்தான் சொல்வோம். சுவரோரம் என் மனைவியின் தையல் மெசின். அதை ஒட்டி என் மகன் வைத்த கண்ணாடித் தொட்டி. இரண்டடி நீளம் இருக்கும். உள்ளே உப்புத் தண்ணீர், கல், பவளம், ஒரு ஜோடி மீன்.

மகன் தாதரில் வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்த்தான். பெரிய வீட்டுத் தொட்டிகளைக் கழுவப் போகும்போது ஒடிந்து விழும் பவளத் துண்டுகளை யாரும் சீண்ட மாட்டார்கள். அவன் கேட்டு வாங்கி வந்து கல்லில் ஒட்டுவான். ஒட்டியதெல்லாம் வளர்ந்தது. பவளம் என்றால் கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு உயிர் உண்டு, வாய் உண்டு என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் லோக்கல் ரயிலில் போனவன் திரும்பவில்லை. சயான் ஆஸ்பத்திரியில் போய் உடம்பை வாங்கி வந்தோம். அதை எழுத எனக்கு வராது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மனைவி தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“இது சாகக் கூடாது” என்றாள்.

சரி என்றேன். அன்றிலிருந்து அதுதான் என் வேலை. பகலில் பை தைக்கிற பட்டறை. வீட்டுக்கு வந்தால் தொட்டி. உப்பு கலக்கவும் தண்ணீர் மாற்றவும் மகனோடு வேலை பார்த்தவன் சொல்லிக்கொடுத்தான். அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். என்னை மாமா என்று கூப்பிடுவான்.

மழைக்காலத்தில் தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளுகிற மோட்டார் நின்றுவிட்டது. அழுக்கை வடிகட்டும் சின்ன மோட்டார் மட்டும் ஓடியது. அது போதவில்லை. மணல் மேல் சிவப்பாக வழுவழுவென்று படலம் படர்ந்தது. கல்லுக்குப் பின்னால் குப்பை தேங்கியது. பவளம் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே போனது. மனைவி அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

கடைக்குப் போனேன். “இருக்கதுலயே பெரிய மோட்டாராக் குடு” என்றேன்.

மகனின் கூட்டாளி சிரித்துவிட்டான். “மாமா, தாராவியில கொழாத் தண்ணிய உறிஞ்சப் போறியளா? பெருசு போட்டா ஒங்க பவளம் சதை கிழிஞ்சு தொங்கும்.”

எங்கள் சந்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். யார் மோட்டார் பெரிதோ அவர் வீட்டில் டிரம் நிறையும். மோட்டார் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“அப்போ சின்னதே போதுமா?”

“சின்னது பெருசு இல்ல மாமா விசயம். பவளம் நவுந்து போய்த் திங்காது. சோறு அதுகிட்ட வரணும், கழிவு அதைவிட்டுப் போவணும். ரெண்டையும் தண்ணிதான் செய்யுது. ஒரே பக்கமா அடிச்சாலும் ஆவாது. கடல்ல அல வந்து வந்து போவும்லா, அப்பிடி இருக்கணும்.”

மூன்று விதம் எடுத்து வைத்தான். ஒன்றுக்குக் குறுகிய வாய். தண்ணீர் கம்பி மாதிரி நேராகப் பாயும். பாய்கிற இடம் புண்ணாகும், மற்ற இடம் சும்மா கிடக்கும் என்றான். இன்னொன்று ஜோடி. இரண்டு ஓரத்திலும் வைத்தால் நடுவில் மோதிக் கலங்கும். அது நல்லதுதான். ஆனால் இரண்டு மோட்டார் சூடு எங்கள் சின்னத் தொட்டிக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பு. மூன்றாவதற்கு அகன்ற வாய். வெளியே ஒரு பெட்டி, அதில் திருகி வைத்தால் வேகம் தானாகவே கூடும், தணியும், மறுபடி கூடும்.

மூன்றையும் வாளித் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முதலாவது விரலைக் குத்தியது. மூன்றாவது கையைத் தள்ளியது, விட்டது, தள்ளியது. சத்தத்தையும் கேட்டேன். தையல் மெசின் மோட்டாரைக் கேட்டுப் பழகிய காது. சுத்தமாக ஓடியது. அதையே வாங்கினேன்.

மோட்டார் உள்ளே, அதைப் பிடிக்கும் காந்தம் கண்ணாடிக்கு வெளியே. பவளத்தைப் பார்த்து வைக்காதீர்கள், எதிர்க் கண்ணாடியைப் பார்த்து வையுங்கள், மோதித் திரும்புகிற தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தான். முதலில் மணல் பறந்து மேடு கட்டியது. கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். நீர்மட்டம் குலுங்கியது. பிறகு மணல் அடங்கியது.

சிவப்புப் படலம் போய்விட்டது. பவளம் வெளியே வந்தது. விரல் விரலாக நீட்டி, நுனியில் பச்சையாக ஆடியது. மனைவி தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்கு ஆயுதங்களுக்கும் பூஜை. எல்லா மெசினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவோம். மறுநாள் காலையில் மறுபடி கும்பிட்ட பிறகுதான் ஓட்டுவது. பட்டறையிலும் அதேதான். நான் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன்.

தையல் மெசின், மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் பொட்டு வைத்து இருந்தன. தொட்டியைப் புது ரவிக்கைத் துணி போட்டு மூடியிருந்தாள்.

“பூஜையில இருக்கு. தொடாதிய” என்றாள்.

சந்து முனையில் நவராத்திரிப் பந்தல். ஸ்பீக்கர் சத்தத்தில் தகரச் சுவர் அதிர்ந்தது. அவள் பேசியதே பாதிதான் கேட்டது. மோட்டார் ஓடுகிற சத்தம் காதில் விழ வழியில்லை.

காலையில் துணியை எடுத்ததும் நாற்றம் வந்தது. தண்ணீர் கலங்கி வெள்ளையாக இருந்தது. மீன் இரண்டும் மிதந்தன. பவளத்தின் சதை வெந்தது போல உரிந்து தொங்கியது. வெளிக் காந்தத்தில் சந்தனப் பொட்டு. திருகு பெட்டியின் மேல் ஒரு சாமந்திப் பூ. இரண்டு மோட்டாரின் சுவிட்சும் அணைந்திருந்தது.

அக்டோபர் வெயிலில் தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது. மேலே துணி வேறு. மீனுக்கும் பவளத்துக்கும் மூச்சு முட்டிவிட்டது.

“நாள் பூரா ஓடுதே பாவம். எல்லாத்துக்கும் லீவு விட்டோம், இதுக்கும் ஒரு நாள் விடுவோம்னு நெனச்சேன்” என்றாள்.

மகனின் கூட்டாளி வந்து பார்த்தான். தண்ணீரை மாற்றினோம். மோட்டாரை ஓட்டினோம். மிச்சமிருந்த பவளங்களும் சில நாளில் வெளுத்துப் போயின. அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அப்புறம் ஒரு நாள் அவளே கேட்டாள்.

“முன்னாலயும் வருசா வருசம் தொட்டிக்கும் இப்பிடித்தான பூஜ போட்டேன்? நிறுத்திட்டுத்தான கற்பூரம் காட்டுனேன்? அப்பமெல்லாம் ஒண்ணும் ஆவலையே.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

“அப்பம் அவன் இருந்தாம்லா.”

அவள் என்னையே பார்த்தாள்.

“நான் அந்தால அடுப்புக்குப் போனதும் சுவிட்சப் போட்டுருப்பான், என்ன?”

“ஆமா. போட்டுருப்பான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா.”

“சொன்னா நீ ஏசிருப்ப.”

“களவாணிப் பய” என்றாள். சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. தையல் மெசின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

கடையிலிருந்து வேறு துண்டு தருகிறோம், மறுபடி ஒட்டிப் பாருங்கள் என்றார்கள். அவளிடம் சொன்னேன்.

“அது வேற பவளம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்தோம். நான் மொண்டு கொடுத்தேன். அவள் வாங்கி, பாத்திரம் கழுவுகிற மோரியில் ஊற்றினாள். கல்லை மட்டும் தூக்கிப் போட அவள் விடவில்லை. வெளுத்த பவளம் ஒட்டியபடியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெருக்கும்போது வெளியே எடுத்து வைப்பாள். பெருக்கி முடித்ததும் உள்ளே தள்ளிவிடுவாள்.