கட்டிக்காக வந்த அண்ணன்

அண்ணன் என்னோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. தன் மகனுக்கு என் மகளைக் கேட்டார்; சொந்தத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முறைப்பெண்ணைத் தர மறுத்தவள் என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். சித்தூரில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மார்க்கெட்டில் எதிரே வந்தால் கத்திரிக்காயைப் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்க மாட்டார்.

இந்த மாங்காய் சீசனில், வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதென்று இங்கேயே ஒரு சென்டரில் ஸ்கேன் எடுத்தேன். கல்லீரலில் பெரிய கட்டி, திருப்பதிக்குப் போய் சி.டி. எடுங்கள் என்றார்கள். கேன்சரா என்று கேட்டேன். அந்த டாக்டர் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டினார்.

என் வீட்டுக்காரருக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசனில் லீவு கிடையாது. விஷயம் எப்படியோ பரவி, மறுநாள் காலையில் அண்ணன் வாசலில் நின்றார்.

"நான் கூட்டிகினு போறேம்மா. நீ ஒண்ணும் பயப்படாத, இன்னா?"

எனக்குப் பயமே இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அண்ணன் பேசிவிட்டார் என்பது மட்டும் எட்டியது. நான் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதால் அவரும் டிபன் சாப்பிடவில்லை. பஸ் சந்திரகிரி தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மூச்சைப் பிடி, விடு என்ற தெலுங்குக் குரலுக்குக் கீழ்ப்படிந்து மெஷினுக்குள் படுத்திருந்தேன். ஊசி மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடானது. சாயந்திரம் டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். பெரிய வட்டத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள், வெந்த ஜவ்வரிசி போல.

கேன்சர் இல்லை என்றார். ஆட்டின் ஈரல், குடலைத் தின்னும் நாயிடமிருந்து வரும் புழு. அதன் முட்டை வயிற்றுக்குள் போய், கல்லீரலில் நீர்க்கட்டியாக வளர்ந்திருக்கிறது. மாத்திரையும் ஆபரேஷனும் போதும், சரியாகிவிடும். சின்ன வயதில் வீட்டில் ஆடும் நாயும் இருந்தனவா என்று கேட்டார். இருந்தன. அறுத்த ஆட்டின் குடலை நாய்க்குப் போட்டதெல்லாம் அண்ணன். புழு மட்டும் என்னைத் தேடி வந்திருக்கிறது.

வெளியே வந்ததும் அண்ணன் அண்ணிக்கு போன் போட்டார். "புழுவாம். உயிருக்கு ஒண்ணும் இல்லியாம்."

அதோடு சரி. பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

"அண்ணா, எதனா துன்னுட்டுப் போலாமே," என்றேன்.

காதில் விழாதது போல சித்தூர் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, இரண்டு பேரும் ஒன்றாகவா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேது, வேற வேற," என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து முன் சீட்டுக்குப் போனார்.

பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் எனக்குத் தனியாக ஒரு டிக்கெட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அழுகை வரவில்லை, பிழைத்துக்கொண்டோம் என்ற சந்தோஷமும் வரவில்லை. கேன்சராகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.