செஞ்சியில் ஒரு மோட்டார், டொராண்டோவில் ஒரு ரொட்டி

எங்கள் தெருமுனை பேக்கரியில் ரொட்டி வாங்கிவிட்டு, கார்டைச் செருகி பின் நம்பரை அழுத்தப் போகும்போதெல்லாம், கடைப் பெண் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் ஏதோ புடவை மாற்றப் போகிறேன் என்பதுபோல. டொராண்டோவுக்கு வந்த புதிதில் அவளுக்கு என்மேல் கோபம் என்றே நினைத்தேன். ஏன் திரும்பிக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அவள் பதறிப்போய், "சத்தியமாக நான் எதையும் பார்க்கவில்லை" என்றாள். பார்த்தால்தான் என்ன என்று ஆறுதலாகச் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து கண்ணையும் மூடிக்கொள்கிறாள்.

செஞ்சிக் கடைவீதியில் யாரும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கடைக்காரர் கார்டை வாங்கித் தானே தேய்த்து, "நம்பர் சொல்லுங்க" என்பார். நாமும் சொல்வோம். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அதில் ஒரு படி மேலே. தளவானூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, என் கணக்கிலேயே என் பெயரில் இன்னொரு கார்டு வாங்கி, போன முறை போனபோது அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பின் நம்பர் மறக்காமலிருக்க நான் பிறந்த வருஷத்தையே வைத்தேன். விளைவு, உரக்கடை, மருந்துக்கடை தொடங்கி டீக்கடை வரைக்கும் என் வயது எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்கும் போனில் எவனாவது கேட்டால் வாயே திறக்க மாட்டார். நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்னது இது: "போன்ல எவனோ கேட்டா சொல்லக் கூடாது, அது எனக்குந் தெரியும். எதிர்ல நிக்கிறவன் கேட்டா சொல்லாம இருக்கறது மரியாதயா?"

போன மாதம் லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. மல்லாட்டை பிஞ்சு பிடிக்கும் நேரம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்தப் போகமே போய்விடும் என்றார். புது மோட்டார் வாங்கச் சொன்னேன். அவர் செஞ்சிக்கு பஸ் ஏறினார். அங்கே சாயங்காலம், எனக்குக் காலை. பேக்கரியிலிருந்து ரொட்டியோடு வீடு திரும்பிக் கதவைத் திறக்கிறேன், போன் அடித்தது.

"இன்னாம்மா, கார்டு செத்துப்போச்சுன்றான் சேகரு" என்றார் நைனா. சேகர் மோட்டார் கடைக்காரர். "நம்பரு சரியாத்தான் சொன்னேன். சத்தத்துல கேக்கலன்னான், ரெண்டு தபா கத்தி வேற சொன்னேன்."

"யார் யார் இருந்தாங்க நைனா அங்க?"

"கடையில இருந்தவங்க எல்லாந்தான். எல்லாம் நம்ம ஜனந்தான், பயப்படாத."

கோபம் வந்தது. ஆனால் பத்துப் பேர் எதிரில் செத்த கார்டோடு அவர் நிற்பதை நினைத்ததும் கோபம் போய் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் வங்கியிலிருந்து இன்னொரு அழைப்பு. நைனாவைக் காத்திருக்கச் சொன்னேன். பின்னாலிருந்து சேகர், "பேங்க்காரன்கிட்ட என்னக் குடு தங்கச்சி, உங்க நைனாவ எனக்குத் தெரியும்னு நான் சொல்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வங்கிக்காரர் தேன் ஒழுகப் பேசினார். நான்தான் நான் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமாம். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் கேட்டார். அம்மாவுக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் எழுத்து இனிஷியல்தான் இருந்தது. கணக்குத் தொடங்கியபோது அதையே எழுதிக் கொடுத்திருந்தேன். 'ம' என்றேன். சரியான விடை என்று பாராட்டினார்.

"செஞ்சி என்ற ஊரில் ஒரு மோட்டார் வாங்க முயன்றிருக்கிறார்கள். தடுத்து வைத்திருக்கிறோம். அந்த ஊரில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"ஊரே தெரியும்" என்றேன்.

"பத்து நிமிடம் முன்பு டொராண்டோவில் ஒரு ரொட்டியும் வாங்கப்பட்டிருக்கிறது. ஒருவரே இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. ஒன்று மோசடி. எது நீங்கள்?"

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. நைனாவிடம் கார்டைக் கொடுத்தேன் என்றால் விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். ரொட்டிதான் நான் என்றால் மல்லாட்டை காயும்.

"செஞ்சியில் இருப்பதுதான் நான்."

"அப்படியானால் அந்த ரொட்டி?"

"யாரோ."

அவர் உண்மையாகவே வருந்தினார். மோட்டாரை அனுமதித்தார். இங்கே உலவும் கார்டை அந்த நிமிடமே முடக்கினார். ரொட்டிக்கான பணத்தை வங்கியே திருப்பித் தரும் என்றார். "பயணத்தில் இப்படி நடந்ததற்கு மன்னியுங்கள். பத்திரமாக வீடு திரும்புங்கள்" என்று வாழ்த்தி வைத்தார்.

மோட்டார் குட்டியானை வண்டியில் ஏறியதை நைனா வீடியோவில் காட்டினார். மறுநாள் சேகர் அனுப்பிய ஆளே அதைக் கிணற்றில் இறக்கினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன், இங்கே, அடுப்படியில் நின்றுகொண்டு, மீதியிருந்த ரொட்டியைத் தின்றபடி. வங்கியின் கணக்கில் நான் செஞ்சியில் இருக்கிறேன், இன்னும் வீடு திரும்பவில்லை. டொராண்டோவில் ரொட்டி வாங்கிய அந்தத் திருடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.