மொட்டை அண்ணன் தோண்டிய குழி

ஃபேன் கம்பெனி ஒன்று புதிதாகத் தொடங்கிய போன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு, புது அடையாள அட்டை கழுத்தில் ஆட, மூன்றாம் மாடிக்குப் போனேன். அங்கே ஒருவர் செவ்வகமான ஃபோம் கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துடுறேன்மா, சத்தியமா வந்துடுறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். படிப்பு மனிதனை இவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுமா என்று பகீரென்றது.

"யாருகூடண்ணே பேசுறீங்க?"

"யாருமில்ல. கன்னத்துல இடிக்குதான்னு பாக்குறேன். கெஞ்சும்போதுதான் போனை நல்லா அழுத்துவோம்."

அவர்தான் எங்கள் வடிவமைப்பாளர். தலை நிறைய முடி. ஆனாலும் பெயர் மொட்டை அண்ணன். பட்டன், எழுத்து, விளிம்பு என்று போனில் இருக்கும் எல்லாவற்றையும் வழித்தெடுப்பதால் வந்த பெயர். ஃபோமில் போன் மாதிரி செதுக்கி, எடைக்கு உள்ளே ஈயக் குண்டு வைத்து, நாள் முழுக்கச் சட்டைப்பையில் சுமப்பார். உறுத்தும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி சுமப்பார். ஒருமுறை அண்ணி பையைத் தடவிப் பார்க்காமல் துணியைப் போட்டுவிட, வாஷிங் மெஷினுக்குள் ஈயக் குண்டு உருண்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தாராம்.

இந்த போன் முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிட்டு, மொட்டை அண்ணனைப் பழைய ஃபேன் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள். பாதி வயதை அங்கேதான் கழித்தார். "இன்னொரு றெக்கை வரைஞ்சேன்னா எனக்கே முளைச்சிடும்டா" என்பார்.

முதலாளி பார்க்கும் நாள் வந்தது. பெயின்ட் அடித்த ஒரே ஒரு மாதிரி. முன்னும் பின்னும் ஒரே கறுப்பு, மேலும் கீழும் ஒரே வளைவு. முதலாளி கையில் எடுத்தார். "அடடா, கூழாங்கல் மாதிரி இருக்கே!" என்று ஒரு பக்கத்தைக் காதில் வைத்தார்.

"சார், அது முதுகு போலிருக்கு, திருப்பிப் புடிங்க" என்றார் விற்பனை மேலாளர். திருப்பினார். இப்போது தலைகீழோ என்று அவருக்கே சந்தேகம்.

"யோவ், இதுல எதுய்யா முன்னாடி?"

மொட்டை அண்ணன் வாங்கினார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். பெற்ற அப்பனுக்கே தெரியவில்லை! ஃபோம் கட்டைகளில் எல்லாம் 'மேல்' என்று பென்சிலால் எழுதிவைத்துத்தான் நாங்கள் புழங்கியிருந்தோம். பெயின்ட் மேல் எழுத யாருக்கு மனசு வரும்?

"அதனால என்ன சார்? பின்னாடி கம்பெனி பேரைப் பெருசா, தங்கக் கலர்ல போட்டுடலாம்" என்றார் மேலாளர். முதலாளி முகம் மலர்ந்தது.

மொட்டை அண்ணன் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். சட்டென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்து, அந்த மாதிரியின் ஒரு பக்கத்தை முதுகாக வைத்து, ஆள்காட்டி விரல் படும் இடத்தில் கரகரவென்று குடைந்தார்.

"யோவ்! பைத்தியமா உனக்கு?"

தூளை ஊதினார். "கண்ணை மூடிட்டு எடுங்க சார்."

முதலாளி கண்ணை மூடினார். விரல் தடவிக் குழியில் உட்கார்ந்தது. போன் நேராகக் காதுக்குப் போனது. "ஹலோ" என்றார் பழக்கதோஷத்தில். பிறகு கண்ணைத் திறந்து, "பேரு வேணாம்யா. குழியே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணனைக் கட்டிப்பிடித்தேன். "பொழைச்சோம்ணே!"

"பொழைச்சோம்டா. முதுகுல தழும்போட."

போன் கடைகளுக்கு வந்துவிட்டது. ஓரளவு விற்கவும் செய்கிறது. மொட்டை அண்ணன் ஃபேன் பிரிவுக்குப் போகவில்லை. மூன்றாம் மாடியிலேயே இருக்கிறார். அடுத்த மாடலில் அந்தக் குழியை எப்படி ஒழிப்பது என்று தேய்த்துக்கொண்டிருக்கிறார்.